கேபிள் அறுந்த பிறகு: காக்ளியர் கருவியும் கேட்கும் ஆண்டுகளும்

பிறவியிலேயே காது கேளாத ஓர் ஏழைக் குழந்தைக்கு, பல லட்சம் ரூபாய் விலையுள்ள காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியைத் தமிழ்நாடு அரசு இலவசமாகப் பொருத்திவிடுகிறது. சில ஆண்டுகள் கழித்து, உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு, கருவியின் வெளிப்பகுதியில் இருக்கும் மெல்லிய கேபிள் ஒன்று அறுந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றுக் கேபிள் வரும்வரை அந்தக் குழந்தைக்கு எதுவும் கேட்காது. கேபிளின் விலை சில ஆயிரம் ரூபாய். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் அதைப் புரட்ட ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதுவரை, லட்சங்கள் செலவிட்டுப் பொருத்திய கருவி மண்டையோட்டுக்குள் வேலையின்றிக் கிடக்கும்.

தீவிரச் செவித்திறன் இழப்புக்கான சிகிச்சையில் உள்ள ஏற்றத்தாழ்வு என்றதும் நம் பேச்சு அறுவை சிகிச்சையைச் சுற்றியே போகிறது. யாருக்குக் கிடைத்தது, எத்தனை பேருக்குக் கிடைத்தது, யார் விடுபட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கடந்த பதினைந்து ஆண்டுகளாக நடந்துவருவதைக் கூர்ந்து பார்த்தால், ஏழைக் குழந்தை பின்தங்குவது அறுவைக்கு முந்தைய மாதங்களிலும் பிந்தைய ஆண்டுகளிலும்தான் என்பது புலப்படும். அரசுகள் அறுவைகளை எண்ணுகின்றன. குழந்தை கேட்கும் ஆண்டுகளை யாரும் எண்ணுவதில்லை.

கருவியின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்தச் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பது விளங்கும். ஒலி அதிர்வை நரம்புக்குப் புரியும் மின்துடிப்பாக மாற்றுபவை, காக்ளியா என்ற நத்தைச் சுருளுக்குள் இருக்கும் மயிரிழைச் செல்கள். பிறவிக் காது கேளாமையில் பெரும்பாலும் பழுதுபட்டிருப்பவை இந்தச் செல்களே. செவிநரம்பு நன்றாக இருக்கும். ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரண ஹியரிங் எய்டு இவர்களுக்குப் போதாது. காக்ளியர் கருவி பழுதான செல்களைத் தாண்டிப் போய் நேராக நரம்பைத் தூண்டுகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் ப்ராசஸர், மைக் மூலம் ஒலியை வாங்கி, அலைவரிசை வாரியாகப் பிரித்து, கேபிள் வழியாகக் காயிலுக்கு அனுப்பும். தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காயில், தோலுக்கு அடியில் பதித்திருக்கும் பகுதிக்கு ரேடியோ அலையாக அதைச் செலுத்தும். அங்கிருந்து காக்ளியாவுக்குள் செருகிய மின்முனைகள் நரம்பைத் தூண்டும். கம்பெனியைப் பொறுத்து இந்த மின்முனைகள் 12 முதல் 22 வரை இருக்கும். உள்ளே பதித்த பகுதியில் பேட்டரி கிடையாது. அதற்கு வேண்டிய மின்சாரமும் வெளியிலிருந்துதான் போகிறது. வெளிக்கருவி நின்றால் எல்லாமே நின்றுவிடும் என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தத் தொழில்நுட்பம் புதியதல்ல. 1957இல் பாரிஸில் ஜூர்னோவும் எயிரியேயும் செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். 1961இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ் முதல் ஒற்றைத்தடக் கருவியைப் பொருத்தினார். பேச்சைப் பிரித்தறிய உதவும் பல்தடக் கருவியை 1978இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் பொருத்தினார். கிளார்க்கின் தந்தை மருந்துக்கடை வைத்திருந்தவர், காது சரியாகக் கேளாதவர். ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்காமல், தொலைக்காட்சி வழியாகப் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டித்தான் கிளார்க் அந்தக் கருவியை உருவாக்கினார். மக்கள் பணத்தில் பிறந்த கருவி அது. அந்தப் பல்தடக் கருவிக்கு அமெரிக்காவில் 1985இல் பெரியவர்களுக்கும் 1990இல் குழந்தைகளுக்கும் அனுமதி கிடைத்தது. 2022ஐ ஒட்டி, உலகில் பொருத்தப்பட்ட கருவிகளின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது.

பத்து லட்சம் என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட செவித்திறன் அறிக்கையின்படி, ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைந்தவர்கள் 150 கோடிப் பேர். அவர்களில் சிகிச்சையோ மறுவாழ்வுப் பயிற்சியோ தேவைப்படுபவர்கள் 43 கோடி. அதில் குழந்தைகள் மட்டும் 3.4 கோடி. எல்லோருக்கும் காக்ளியர் கருவி வேண்டியதில்லை. ஆனால் இந்த 43 கோடியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். சாதாரண ஹியரிங் எய்டையே எடுத்துக்கொண்டால்கூட, பயன்பெறக் கூடியவர்களில் அதைப் பயன்படுத்துபவர்கள் உலக அளவில் 17 விழுக்காடுதான். ஆப்பிரிக்கப் பகுதியின் பெரும்பாலான நாடுகளில் பத்து லட்சம் மக்களுக்கு, செவித்திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் ஒருவர்கூட இல்லை என்கிறது அதே அறிக்கை.

இந்தப் பின்னணியில் தமிழ்நாடு செய்தது பெரிய காரியம். 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் அதன் இடத்தில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் காக்ளியர் அறுவையை ஏழைக் குழந்தைகளின் எட்டும் தொலைவுக்குக் கொண்டுவந்தன. கேரளம் 2012இல் சுருதிதரங்கம் திட்டத்தைத் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் ஒன்றிய அரசின் அடிப் திட்டம் 2014இல் காக்ளியர் கருவியைச் சேர்த்துக்கொண்டு, ஒரு குழந்தைக்கு 6 லட்சம் ரூபாய் வரை செலவிட ஒப்புக்கொண்டது. இந்தத் திட்டங்களுக்கு முன்பு, வீட்டையோ நிலத்தையோ விற்க முடிந்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டுமே கிடைத்த சிகிச்சை இது. சென்னையிலும் மதுரையிலும் அரசு மருத்துவமனைகளின் காது மூக்குத் தொண்டைப் பிரிவுகள் இதைச் செய்யக் கற்றுக்கொண்டன. தனியார் துறையில் மோகன் காமேஸ்வரன் போன்ற மருத்துவர்கள் இத்துறையைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தார்கள். இந்தச் சாதனையை மதிப்பதால்தான் அதன் அரைகுறைகளைப் பேச வேண்டியிருக்கிறது.

முதல் அரைகுறை, பிறந்த நாளிலேயே தொடங்குகிறது.

மூளையின் செவிப்பகுதி காத்திருக்காது. ஒலி வராத செவிப்புறணியை மற்றப் புலன்கள் மெல்ல மெல்ல எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவில் அனு சர்மாவும் சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்திய குழந்தைகளின் மூளை, சில மாதங்களிலேயே கேட்கும் குழந்தைகளின் மூளையைப் போல ஒலிக்கு எதிர்வினை காட்டியது. ஏழு வயதுக்குப் பிறகு பொருத்தியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வளர்ச்சி நிகழவில்லை. அதற்கு முன்பே, 1998இல், கொலராடோவில் யோஷினாகா இட்டானோ நடத்திய ஆய்வு, ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழித்திறன், பிந்திக் கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக முன்னே நிற்பதைக் காட்டியிருந்தது. இதன் அடிப்படையில்தான் ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்ற இலக்கை உலகம் ஏற்றுக்கொண்டது.

நம் வீடுகளில் நடப்பது வேறு. குழந்தை ஒன்றரை வயதாகியும் பேசவில்லை என்று தாய் சொன்னால், "ஆம்பளப் புள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும், அவங்க மாமாவும் மூணு வயசுலதான் பேசுனான்" என்று பதில் வரும். பாத்திரம் விழுந்தால் திரும்பிப் பார்க்கிறானே என்பார்கள். தரை அதிர்ந்ததால் திரும்பியிருப்பான் என்பது யாருக்கும் தோன்றாது. பிறகு நேர்த்திக்கடன், நாக்குக்கு வசம்பு, நாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் தசையை வெட்டிவிடச் சொல்லும் யோசனை என்று மாதங்கள் போகும். ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா பரிசோதனைக்கு வரும்போது குழந்தைக்கு இரண்டரை, மூன்று வயது ஆகியிருக்கும். வசதியான குடும்பத்தின் பிள்ளை தனியார் மருத்துவமனையில் பிறந்த மூன்றாம் நாளே ஓ.ஏ.ஈ. பரிசோதனை முடிந்து, அங்கிருந்தே அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். இருவரும் ஒரே கருவியைப் பெற்றாலும், அதைப் பெற்ற வயதில் ஒன்றரை ஆண்டு வித்தியாசம். பின்னால் எந்தப் பணத்தாலும் அந்த ஒன்றரை ஆண்டை வாங்க முடியாது.

இந்த இழப்பைத் தவிர்ப்பது தமிழ்நாட்டுக்கு முடியாத காரியமல்ல. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இங்கு 99 விழுக்காட்டுக்கும் அதிகமான பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. அதாவது, பரிசோதிக்க வேண்டிய குழந்தைகள் எல்லோரும் சில நாட்களாவது ஒரு கட்டிலில், ஒரு செவிலியரின் கண் முன்னே இருக்கிறார்கள். ஓ.ஏ.ஈ. என்பது குழந்தை தூங்கும்போது காதில் சிறு முனையை வைத்து ஒரு சில நிமிடங்களில் முடியும் சோதனை. பரிசோதனைக் கருவியின் விலை அதிகம், எல்லா மருத்துவமனைக்கும் வாங்க முடியாது என்ற வாதத்துக்கும் கொச்சி பல ஆண்டுகளுக்கு முன்பே விடை சொல்லிவிட்டது. 2003இல் அங்கே குழந்தை மருத்துவர் ஆபிரகாம் பாலின் முன்முயற்சியில், ஒரு கருவியையும் ஒரு பயிற்சி பெற்ற பணியாளரையும் வைத்து, நகரத்தின் பிரசவ மருத்துவமனைகளுக்கு முறைவைத்துச் சென்று பரிசோதிக்கும் ஏற்பாடு தொடங்கியது. மருத்துவமனைகள் கருவியைப் பகிர்ந்துகொண்டன. 2017இல் பெங்களூரில் உருவான சோஹம் என்ற மலிவான பரிசோதனைக் கருவியும் வந்துவிட்டது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் செவித்திறன் பரிசோதனையும் இருக்கிறது. ஆனால் ஒரு மருத்துவமனையில் கருவி இருக்கும், இயக்க ஆள் இருக்காது; இன்னொன்றில் பரிசோதனை நடக்கும், முதல் சோதனையில் தேறாத குழந்தை மறுசோதனைக்கு வந்ததா என்று தேடிப் போக ஏற்பாடு இருக்காது. தடுப்பூசி அட்டையில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்து, அதை நிரப்பாமல் அட்டை செல்லாது என்று வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் பொறுப்பும் உண்டு. அதே கணக்கெடுப்பின்படி இங்கு திருமணங்களில் 28 விழுக்காடு உறவுக்குள் நடப்பவை. நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மாமன் மகன், அத்தை மகள், சில சமூகங்களில் தாய்மாமன். மரபுவழிக் காது கேளாமை பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே பிழை வரும்போது வெளிப்படுவது. இதைச் சொல்லித் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வழக்கம் நம் மருத்துவமனை வராந்தாக்களில் இன்னும் இருக்கிறது, அது அநியாயம். உறவுத் திருமணம் ஒரு சமூகத்தின் வழக்கம் என்றால், அதன் விளைவைச் சீக்கிரம் கண்டறிவது அந்தச் சமூகத்தின் அரசு செய்ய வேண்டிய வேலை.

கண்டறிந்த பிறகு வரிசை. காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. அதற்கு மேல் சம்பாதிக்கும் ஆட்டோ ஓட்டுநரோ சிறு கடைக்காரரோ பல லட்சம் ரூபாய் கருவியைச் சொந்தப் பணத்தில் வாங்க முடியும் என்று எந்தக் கணக்கு சொல்கிறது? வருமானச் சான்று, ரேஷன் அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை, பெரா அறிக்கை, ஸ்கேன், மயக்க மருந்துக்குத் தகுதி, தடுப்பூசிகள் என்று தாள்கள் சேர்வதற்குள் மாதங்கள் போகும். மூளைக்காய்ச்சலால் காது போன குழந்தைக்கு இந்தத் தாமதம் கொடியது. அந்த நோய்க்குப் பிறகு காக்ளியாவின் உட்பகுதி எலும்பாக இறுகத் தொடங்கிவிடும். சில வாரங்கள் போனால் மின்முனையைச் செருகவே வழியில்லாமல் போகலாம். இத்தகைய குழந்தைகளுக்குத் தாள்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முதலில் அறுவையைச் செய்ய அனுமதிக்கும் அவசர விதி ஒன்று எல்லாத் திட்டங்களிலும் வேண்டும்.

பிறகு வயது. மாநிலத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு. பிந்திப் பொருத்தினால் பலன் குறைவு என்ற மருத்துவ நியாயம் இதன் பின்னால் இருக்கிறது. ஆனால் பிந்தியதற்குக் காரணம் பரிசோதனை இல்லாத அரசு மருத்துவமனை என்றால், அந்தத் தண்டனை குழந்தைக்குப் போவது எப்படி? இன்னொரு வரம்பு காதுகளின் எண்ணிக்கையில். பிரிட்டனில் 2009 முதல் குழந்தைகளுக்கு இரண்டு காதிலும் பொருத்துவது வழக்கம். நம் அரசுத் திட்டங்களில் ஒரு காதுதான். ஒற்றைக் காதால் கேட்கும் பிள்ளைக்கு ஒலி வரும் திசை தெரியாது. நாற்பது பேர் இரைச்சலிடும் வகுப்பறையில் ஆசிரியரின் குரலைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அந்த ஒற்றைக் கருவியும் பழுதானால் மாற்று இல்லை.

அறுவை நடந்து மூன்று நான்கு வாரங்கள் கழித்து ஸ்விட்ச் ஆன். செல்பேசியில் படம்பிடித்து ஊடகங்களில் ஓடும் காட்சி அதுதான்: குழந்தை திடுக்கிட்டுத் தாயைப் பார்க்கும், தாய் அழுவாள். உண்மையில் அந்த நேரத்தில் குழந்தைக்குக் கேட்பது பேச்சல்ல. பொருளில்லாத ஓர் இரைச்சல். அதைப் பேச்சாக மாற்றுவது அடுத்த இரண்டு மூன்று ஆண்டு வேலை.

பயிற்சி அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் அந்த வேலையின் கனம் தெரியும். குழந்தை தாயின் மடியில் இருக்கும். மேசையில் ஒரு டப்பா, சில மணிகள். பயிற்சியாளர் வாயசைவு தெரியாதபடி பக்கத்தில் அமர்ந்து, "ஆ" என்பார். கேட்டால் குழந்தை ஒரு மணியை டப்பாவில் போட வேண்டும். பிறகு "ஈ", "ஊ", "ம்", "ஷ்", "ஸ்". டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனை இது. தாழ்ந்த அலைவரிசையில் இருக்கும் "ம்" தொடங்கி உச்சியில் இருக்கும் "ஸ்" வரை, பேச்சின் பரப்பு முழுவதையும் இந்த ஆறு ஒலிகள் தொட்டுவிடுகின்றன. "ஸ்" சொல்லும்போது குழந்தை மணியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தால், உயர் அலைவரிசைகளுக்கான மின்முனைகளில் ஏதோ சரியில்லை, மேப்பிங் பார்க்க வேண்டும், அதாவது மின்முனைகளின் தூண்டல் அளவைச் சரிசெய்ய வேண்டும் என்று பொருள். நேற்று வரை "ஷ்" கேட்ட குழந்தை இன்று கேட்கவில்லை என்றால் மைக்கில் ஈரம் புகுந்திருக்கலாம். இந்தச் சோதனையைத் தினமும் காலையில் வீட்டில் செய்யச் சொல்லித் தாய்க்குக் கற்றுக்கொடுப்பார்கள். பல் தேய்ப்பது, சோறு ஊட்டுவது, கடைக்குப் போவது எல்லாவற்றையும் பேச்சுப் பாடமாக மாற்ற வேண்டும். ஒரே வாக்கியத்தை நூறு தடவை சொல்ல வேண்டும். ஏ.வி.டி. என்று எல்லோரும் சொல்லும் இந்தச் செவிவழிப் பேச்சுப் பயிற்சியின் உண்மையான சிகிச்சையாளர் தாய்தான்.

அதற்கு அந்தத் தாய்க்கு நேரம் வேண்டும். அதாவது, வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். தருமபுரியின் மலையடிவாரக் கிராமத்திலிருந்தோ இராமநாதபுரத்தின் கடற்கரைக் குப்பத்திலிருந்தோ வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பயிற்சி மையத்துக்கு வந்துபோவது என்றால், பஸ் கட்டணத்தோடு அந்த நாளின் கூலியும் போகிறது. சில குடும்பங்கள் பயிற்சிக்காகவே நகரத்தில் வாடகைக்குக் குடியேறுகின்றன. தந்தை ஊரில், தாயும் பிள்ளையும் நகரத்தில், மற்றப் பிள்ளைகள் பாட்டி வீட்டில். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் இரண்டு மாதம் வந்துவிட்டு நின்றுபோனால், கோப்பில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதப்படும். இந்தச் சொற்றொடர்தான் எனக்கு மிகவும் கோபம் தருவது. ஒரு சிகிச்சையை, வேலைக்குப் போக வேண்டாத தாயை மனத்தில் வைத்து வடிவமைத்துவிட்டு, வேலைக்குப் போகும் தாயிடம் ஒத்துழைப்பு இல்லை என்பது என்ன நியாயம்? பயிற்சிக் காலத்தில் தாய்க்கு மாதந்தோறும் ஓர் உதவித்தொகையும் பயணச் செலவும் தருவது தானமாகாது. கருவியின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. ஆனால் அது இல்லாமல் கருவிக்குச் செலவிட்டது வீணாகிறது.

இனி கருவி. உள்ளே பதித்த பகுதிக்குப் பொதுவாகப் பத்தாண்டு உத்தரவாதம் இருக்கும். அது பல பத்தாண்டுகளும் உழைக்கலாம். வெளியே இருக்கும் ப்ராசஸருக்கு மூன்று முதல் ஐந்தாண்டு. வியர்வை, மழை, மண்ணில் விளையாட்டு, பள்ளியில் தள்ளுமுள்ளு. கேபிளும் காயிலும் அடிக்கடி போகும். ஒரு முறை மட்டும் பயன்படும் பேட்டரி இரண்டு மூன்று நாளுக்குத்தான் வரும். ப்ராசஸரே போனால் லட்சங்கள். இன்னொரு கம்பெனியில் மலிவாகக் கிடைக்குமா என்று தேடவும் முடியாது, ஏனென்றால் ஒரு கம்பெனியின் உட்கருவி அதே கம்பெனியின் வெளிக்கருவியோடு மட்டுமே பேசும். உலகச் சந்தையைப் பெரும்பாலும் மூன்று கம்பெனிகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன: ஆஸ்திரேலியாவின் காக்ளியர், ஆஸ்திரியாவின் மெட்எல், சுவிட்சர்லாந்தின் சொனோவா வாங்கிய அட்வான்ஸ்ட் பயோனிக்ஸ். எந்தக் கம்பெனி என்பதைத் தேர்ந்தெடுத்தது டெண்டர். அந்தக் கம்பெனியிடம் ஆயுள் முழுவதும் கட்டுப்பட்டது குழந்தை. ஒரு மாடலை நிறுத்திவிட்டோம், இனி உதிரி கிடைக்காது என்று கம்பெனி அறிவிக்கும் நாளில், புது மாடல் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

தாமே காக்ளியர் கருவி அணிபவரான மானுடவியலாளர் மிஷேல் ஃப்ரீட்னர், இந்தியாவின் காக்ளியர் திட்டங்களைப் பல ஆண்டுகள் நேரில் ஆராய்ந்து 2022இல் 'சென்சரி ஃபியூச்சர்ஸ்' என்ற நூலை எழுதினார். உத்தரவாதம் முடிந்ததும் குடும்பங்கள் எப்படிக் கைவிடப்படுகின்றன, பழுதுபார்க்கப் பணமில்லாமல் கருவி எப்படிப் பீரோவுக்குள் போகிறது, பேசக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைக்குக் கேட்பது எப்படித் திடீரென்று நின்றுபோகிறது என்பதெல்லாம் அந்நூலின் மையக் கவலைகள். கருவி பொருத்துவதை ஒரே நாளில் முடியும் அற்புதமாகப் பார்க்கும் மனநிலையை அவர் கேள்விக்குட்படுத்துகிறார். கேரளத்தில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கருவியோடு வளரத் தொடங்கிய பிறகு, பராமரிப்பும் கருவி மாற்றமும் அங்கே அரசியல் கேள்விகளாகவே ஆகிவிட்டன. உதிரிப் பாகங்களுக்கு உதவி அறிவிக்கும் அரசுகளும், அதை மனு கொடுத்துக் காத்திருந்து பெறும் சலுகையாகவே வைத்திருக்கின்றன. அறுந்த கேபிளுக்கு மனு எழுதி மூன்று மாதம் காத்திருக்கும் பிள்ளை, அந்த மூன்று மாதமும் வகுப்பில் எதையும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறது.

சைகை மொழியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். சைகையைக் காட்டினால் குழந்தை பேசச் சோம்பல்படும் என்று பல பயிற்சி மையங்களில் தாய்மார்களை எச்சரிக்கிறார்கள். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு பள்ளிகளிலிருந்து சைகை மொழியை விலக்கத் தீர்மானித்ததிலிருந்து தொடரும் பழைய அச்சம் இது. கருவி ஆண்டுக்கணக்கில் தடையின்றி இயங்கும் என்று உறுதி சொல்ல முடிந்தாலாவது இந்த எச்சரிக்கைக்கு ஓர் அர்த்தம் இருந்திருக்கும். அந்த உறுதியை ஏழைக் குடும்பத்துக்கு யாரும் தருவதில்லை. கருவி நின்றுபோகும்போது கையில் வேறு மொழியும் இல்லாத குழந்தை, மொழியே இல்லாத குழந்தையாகிறது. செவிக்குறையில் இதைவிடப் பெரிய சேதம் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காது கேளாதோர் பள்ளி நடக்கும் மாநிலம் இது. 2015இல் ஒன்றிய அரசு இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையத்தையும் நிறுவியிருக்கிறது. கருவியோடு சைகையும் கற்பது ஏழைக் குழந்தைக்கு இன்றியமையாத பாதுகாப்பு. வசதியுள்ள குழந்தைக்கும் அதில் நட்டமில்லை.

பெரியவர்களின் நிலையோ இந்தியாவில் பேச்சிலேயே இல்லை. நாற்பது வயதில் செவியை இழந்த தறித் தொழிலாளிக்கோ அறுபதில் முழுதும் கேளாமல்போன ஆசிரியைக்கோ ஏழைகளுக்கான இந்த அரசுத் திட்டங்களில் காக்ளியர் கருவி கிடையாது. முகாமில் ஒரு ஹியரிங் எய்டு கிடைக்கும். அது போதாது என்பது தெரிந்தும் கிடைக்கும். பணக்கார நாடுகளும் இதில் பெருமைப்பட முடியாது. கருவி இலவசமாகக் கிடைக்கும் பிரிட்டனில், 2016இல் வெளியான கணக்குப்படி, தகுதியுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் மூன்று வயதுக்குள் கருவி பெற்றிருந்தார்கள். தகுதியுள்ள பெரியவர்களில் பெற்றவர்கள் சுமார் 5 விழுக்காடு. அங்கே பணம் தடையில்லை. வயதானால் காது கேட்காதுதான் என்று நோயாளியும் மருத்துவரும் சேர்ந்தே முடிவுகட்டிவிடுவது தடை. மறதி நோய்க்கான, தவிர்க்கக்கூடிய முக்கியக் காரணிகளில் ஒன்றாகச் செவித்திறன் இழப்பை லான்செட் ஆணையம் 2017 முதல் சுட்டிவருகிறது. பேச்சு மொழி நன்றாகப் பதிந்த பெரியவருக்குக் கருவி பொருத்தினால் ஆண்டுக்கணக்கில் பயிற்சியும் தேவைப்படாது. இந்தியத் திட்டங்கள் இவர்களை நினைக்கத் தொடங்கவே இல்லை.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். 2024 டிசம்பரில் சீன அரசு காக்ளியர் கருவிகளை நாடு முழுமைக்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்ய ஏலம் நடத்தியது. ஒரு செட் 2 லட்சம் யுவானுக்கு மேல் விற்ற கருவியின் விலை சுமார் 50,000 யுவானாக இறங்கியது. அதே பன்னாட்டுக் கம்பெனிகளின் கருவிகள்தாம். இந்திய ரூபாயில் அது ஏறத்தாழ 6 லட்சம். நம் அரசுகள் பல ஆண்டுகளாகச் செலவிட்டுவரும் தொகையும் ஏறக்குறைய அதுதான். இதிலிருந்து நான் புரிந்துகொள்வது, விலை பேசும் வலிமை நம் அரசுகளுக்கு ஏற்கெனவே இருக்கிறது என்பது. முதல் நாள் விலையைப் பேசினார்கள். ஐந்தாம் ஆண்டு ப்ராசஸரின் விலையையும் ஏழாம் ஆண்டு கேபிளின் விலையையும் பேசவில்லை. அதனால் கம்பெனிகள் முதலில் மலிவாகக் கொடுத்துவிட்டு, பிறகு தனித்தனிக் குடும்பங்களிடம் முழு விலைக்கு விற்கின்றன. ஆயிரக்கணக்கான கருவிகளை வாங்கும் மாநிலத்துக்கு இருக்கும் பேரவலிமை, ஒரு கேபிள் வாங்க வரும் தாய்க்கு இருக்காது. உள்நாட்டுக் கருவி ஒன்றை உருவாக்கும் பணியை ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. பல ஆண்டுகளுக்கு முன்பே கையிலெடுத்தது. அது வரும்போது வரட்டும். இறக்குமதிக் கருவியோடு ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அதனால் பயனில்லை.

ஆகவே அடுத்த டெண்டரில் கருவியின் விலையை மட்டும் கேட்காமல், ஒரு குழந்தையைப் பதினைந்து ஆண்டுகள் கேட்க வைப்பதற்கான மொத்த விலையைக் கேட்க வேண்டும். பேட்டரி, கேபிள், காயில், இடையில் இரண்டு ப்ராசஸர்கள் எல்லாம் அதில் அடங்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் உதிரி இருப்பும், பழுதுபார்க்கும் நாட்களில் கடனாகத் தர மாற்று ப்ராசஸரும் வைக்கப்பட வேண்டும். மாடலை நிறுத்தினால் புதிய மாடலைக் கம்பெனியே இலவசமாகத் தர வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இவை நடக்கின்றனவா என்று அளப்பதும் கடினமில்லை. இன்றைய ப்ராசஸர்கள் பல, தம்மை அணிந்திருந்த மணி நேரத்தைத் தாமே பதிவு செய்துகொள்கின்றன. மேப்பிங்குக்கு வரும்போது ஆடியாலஜிஸ்ட் கணினியில் அதைப் பார்க்கிறார். மருத்துவமனைக் கணினிகளில் சிதறிக் கிடக்கும் அந்த எண்களைத் திரட்டி, பெயர்களை நீக்கி, மாவட்ட வாரியாக மாநிலம் ஆண்டுதோறும் வெளியிடலாம்: கருவி பொருத்திய குழந்தைகளில் மூன்றாம் ஆண்டில் எத்தனை பேர், ஐந்தாம் ஆண்டில் எத்தனை பேர், பத்தாம் ஆண்டில் எத்தனை பேர் நாளுக்கு எட்டு மணி நேரமாவது அதை அணிந்திருக்கிறார்கள் என்று. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது அறுவைகளின் எண்ணிக்கையோடு இந்த மூன்று எண்களையும் அமைச்சர் வாசிக்க வேண்டும்.